பழைய எஞ்சின் கேட்கும் எண்ணெய்

அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ஒரு சிறிய எஞ்சின். பல வாரங்கள் பாடுபட்டு அதைப் பிரித்து, கழுவி, தேய்ந்த உறுப்புகளை மாற்றி, மீண்டும் பூட்டி முடித்தாயிற்று. இனி அதற்குள் ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெய் ஊற்றவேண்டும். அவ்வளவுதான் பாக்கி. கடைக்குப் போனால் அலமாரி நிறைய டப்பாக்கள்! ஒன்றில் 30 என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 10டபிள்யூ-30, வேறொன்றில் 5டபிள்யூ-20. எதை எடுப்பது?

“விலை கூடியதை வாங்கு, அதுதான் நல்லது” என்பார் ஒருவர். “பழைய எஞ்சினுக்குக் கெட்டியான எண்ணெய்தான் ஏற்றது” என்பார் மற்றொருவர். “எண்ணெய் என்றால் எல்லாம் ஒன்றுதானே!” என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் சரியன்று. எந்த எண்ணெய் வேண்டும் என்பதை எஞ்சினின் அமைப்புத்தான் முடிவு செய்கிறது. தவறாகத் தேர்ந்தால் பல வாரத்து உழைப்பு சில நிமிடங்களில் பாழாகலாம். எப்படி என்று பார்ப்போமா?

தோட்டத்துக்கு ஒரு டிராக்டர்

வயலை உழும் பெரிய டிராக்டரை நீங்கள் அறிவீர்கள். அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப்பின் நகரங்களைச் சுற்றிப் புதிய குடியிருப்புகள் பெருகின. வீட்டைச் சுற்றிப் பரந்த புல்தரை, பின்புறம் ஒரு காய்கறித் தோட்டம். கோடையில் புல் வெட்ட வேண்டும். இளவேனிலில் மண்ணைக் கிளற வேண்டும். குளிர்காலத்தில் வாயிற் பாதையில் குவியும் பனியைத் தள்ள வேண்டும். இவ்வளவையும் செய்யக் கூடிய, ஓர் ஆள் உட்கார்ந்து ஓட்டக் கூடிய சின்னஞ்சிறு டிராக்டர்கள் அங்கே பிறந்தன.

இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1960-ல் கெண்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரத் தொழிற்சாலையில் ‘கப் காடெட்’ என்னும் தோட்ட டிராக்டரைச் செய்யத் தொடங்கியது. அதன் எஞ்சின் 7 குதிரைத்திறன் கொண்டது. 1963-ல் ஜான் டீர் நிறுவனம் ‘110’ என்ற தன் தோட்ட டிராக்டரை வெளியிட்டது. இந்த இரண்டு போட்டி நிறுவனங்களும் எஞ்சினை வாங்கியது ஒரே இடத்தில்தான். விஸ்கான்சின் மாநிலத்துக் கோலர் நிறுவனத்தின் ‘கே’ வரிசை எஞ்சின்களே இரண்டிலும் இருந்தன. குளியல் தொட்டிகளுக்கும் பெயர் பெற்ற நிறுவனம் அது!

வார்ப்பிரும்பால் ஆன உடல் என்பதால் அந்த எஞ்சின்கள் நெடுங்காலம் உழைத்தன. இன்றும் அங்கே பழைய கொட்டகைகளில் துருப்பிடித்துக் கிடக்கும் டிராக்டர்களை வாங்கிப் புதுப்பிப்பது பலருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. அவ்வரிசையில் கே-181 என்ற எஞ்சினை நாம் எடுத்துக்கொள்வோம். ஒரே சிலிண்டர், கொள்ளளவு ஏறத்தாழ 305 கன சென்டிமீட்டர், திறன் 8 குதிரைத்திறன், அதாவது சுமார் 6 கிலோவாட்.

பம்பு இல்லாத எஞ்சின்

மோட்டார் கார் எஞ்சினில் எண்ணெய்க்கென்று ஒரு பம்பு உண்டு. அது அடித்தொட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி, வடிகட்டி வழியாகச் செலுத்தி, நுண்ணிய துளைகள் மூலம் ஒவ்வொரு தாங்கிக்கும் அழுத்தத்துடன் அனுப்புகிறது. கே-181 எஞ்சினில் இவை ஒன்றும் இல்லை. பம்பு இல்லை; எனவே வடிகட்டியும் இல்லை.

பின் எண்ணெய் எப்படி மேலே போகிறது? பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் இணைப்புத் தண்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்பகுதியில் சிறு கரண்டி போன்ற ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. கிராங்க் தண்டு ஒவ்வொரு முறை சுற்றும்போதும் இந்தக் கரண்டி அடியிலுள்ள எண்ணெயில் முழுகி, அதை வாரி இறைக்கிறது. எண்ணெய் திவலைகளாகவும் மூடுபனி போலவும் சிதறி உள்ளே எங்கும் படிகிறது. சிலிண்டரின் சுவர், தாங்கிகள், வால்வுகளைத் தூக்கும் உறுப்புகள் எல்லாமே இந்த மழையில்தான் நனைகின்றன. இதற்குத் தெளிப்பு முறை என்று பெயர்.

முழு வேகத்தில் இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 3,600 சுற்றுச் சுற்றும். அப்படியானால் கரண்டி நொடிக்கு 60 முறை எண்ணெயைத் தொடுகிறது. பிஸ்டன் நொடிக்கு 60 முறை மேலும் 60 முறை கீழும் போகிறது. ஒவ்வொரு கோடியிலும் ஒரு கணம் நின்று திரும்புகிறது. ஆக நொடிக்கு 120 நிறுத்தங்கள்! நான்கு வீச்சு எஞ்சினாதலால் நொடிக்கு 30 முறை எரிபொருள் வெடித்து அதைக் கீழே தள்ளுகிறது.

இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். கார் எஞ்சின்கள் பெரும்பாலும் நீரால் குளிர்விக்கப்படுபவை. இந்த எஞ்சினையோ காற்றுத்தான் குளிர்விக்கிறது. ஃபிளைவீல் என்னும் கனத்த சக்கரத்தில் உள்ள இறக்கைகள் காற்றை வீச, சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய இரும்பு விளிம்புகள் வெப்பத்தை அக்காற்றுக்குக் கொடுத்துவிடுகின்றன. வெட்டிய புல் தூள் அவ்விளிம்புகளுக்கிடையே அடைத்துக்கொண்டால் வெப்பம் வெளியேற வழி இல்லை. கோடையில், நல்ல சுமையில், உள்ளேயிருக்கும் எண்ணெயின் வெப்பநிலை 100° செல்சியசைத் தாண்டுவதும் உண்டு.

பம்பு இல்லை, வடிகட்டி இல்லை, நீர்க்குளிர்ச்சி இல்லை. இந்த மூன்று ‘இல்லை’களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயைத் தேர்ந்தெடுக்கும்போது இவைதான் நமக்கு வழிகாட்டும்.

பிரித்தால் தெரியும் கதை

நீல நிறப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். பிஸ்டன் வளையங்களோ சிலிண்டர் சுவரோ தேய்ந்து, எண்ணெய் மேலே ஏறி, வெடிப்பறைக்குள் புகுந்துவிடுகிறது. அப்போது எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான்.

பிரித்தவுடன் அடித்தொட்டியில் கருந்தார் போன்ற கசடு தெரியும். அது எண்ணெய்தான். பல ஆண்டு வெப்பத்தில் ஆக்சிஜனுடன் சேர்ந்து, கரித்தூளும் ஈரமும் தூசியும் கலந்து அப்படிக் கெட்டிப்பட்டுப் போயிற்று. அதைச் சுரண்டி எடுத்துச் சுத்தம் செய்வது முதல் வேலை.

அடுத்தது அளவெடுத்தல். மைக்ரோமீட்டர் என்னும் திருகு அளவியை நீங்கள் பள்ளிச் சோதனைக் கூடத்தில் பார்த்திருப்பீர்கள். புதுப்பிப்போரின் முதல் கருவி அதுதான். சிலிண்டரின் விட்டத்தை மேல், நடு, அடி என மூன்று இடங்களில், ஒவ்வோரிடத்திலும் இரு திசைகளில் அளக்க வேண்டும். பிஸ்டன் எப்போதும் சுவரின் இரு பக்கங்களையே அழுத்துவதால் வட்டமாக இருந்த துளை நாளடைவில் நீள்வட்டம் ஆகியிருக்கும். தேய்மானம் அதிகமானால் துளையைச் சற்றே பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவார்கள். 0.010, 0.020, 0.030 அங்குலம் பெரிய பிஸ்டன்கள் இதற்கென்றே கிடைக்கின்றன.

இணைப்புத் தண்டு இந்த எஞ்சினில் அலுமினியக் கலவையால் ஆனது. கிராங்க் தண்டின் எஃகு முளையை அது நேராகவே பற்றிச் சுழல்கிறது; நடுவில் தனித் தாங்கி ஓடு கிடையாது. எண்ணெய் வற்றிப்போன எஞ்சினைத் திறந்தால் அலுமினியம் உருகி எஃகில் அப்பிக்கொண்டிருப்பதைக் காணலாம். இங்கே வேதியியல் கை கொடுக்கிறது. அலுமினியம் காரத்தில் கரையும், இரும்பு கரையாது. ஆகவே சோடியம் ஹைட்ராக்சைடுக் கரைசலைத் தடவினால் அப்பியிருக்கும் அலுமினியம் கொப்புளித்துக் கரைந்துபோக, எஃகு அப்படியே நிற்கும். கண்ணையும் கையையும் பொசுக்கிவிடும் கரைசல் அது. பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. அப்பொழுது வெளிவரும் வாயு எது? உங்கள் வேதியியல் புத்தகத்தைப் பாருங்கள்.

கடைந்த சிலிண்டரைக் கழுவுவதற்குப் பெட்ரோல் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பெட்ரோல் எண்ணெய்ப் பசையைத்தான் போக்கும். சுவரின் நுண்கீறல்களில் பதிந்திருக்கும் சாணைத் தூள் அங்கேயே தங்கிவிடும். சூடான சோப்பு நீரும் தூரிகையும் கொண்டு நன்றாகத் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே இருக்கும்வரை கழுவ வேண்டும். உடனே எண்ணெய் பூசிவிட வேண்டும். இல்லாவிட்டால் சில நிமிடங்களிலேயே துரு படரத் தொடங்கும்.

எல்லாம் பூட்டியபின் முளைக்கும் இணைப்புத் தண்டுக்கும் இடையே விடப்படும் இடைவெளி எவ்வளவு தெரியுமா? 0.001 முதல் 0.002 அங்குலம். அதாவது 25 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை! அந்த இடைவெளியில்தான் எண்ணெய் தன் வேலையைச் செய்யப் போகிறது.

எண்ணெய் மேல் மிதக்கும் உலோகம்

அத்தனை சிறிய இடைவெளியில் எண்ணெய் நிற்குமா? பிதுங்கி வெளியே போய்விடாதா? இந்தக் கேள்விக்கு விடை தற்செயலாகக் கிடைத்தது.

1880-களில் இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்னும் பொறியியலாளர் ரெயில் வண்டி அச்சுகளின் தாங்கிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். சுழலும் அச்சின் அடிப்பகுதி எண்ணெயில் முழுகியிருந்தது. மேலே இருந்த தாங்கியில் எண்ணெய் ஊற்ற ஒரு துளை இருந்தது. அச்சு சுழன்றபோது அந்தத் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வந்தது! டவர் துளையை ஒரு தக்கையால் அடைத்தார். தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார், அதுவும் வெளியேறிற்று. பிறகு அங்கே ஓர் அழுத்தமானியைப் பொருத்தினார். தாங்கியின் மீதிருந்த சராசரிப் பளு சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான். அழுத்தமானியோ 200 பவுண்டுக்கு மேல் காட்டியது. 1883-ல் இம்முடிவுகள் வெளியாயின.

இதன் காரணத்தை 1886-ல் கணிதத்தால் விளக்கியவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். சுழலும் அச்சு தாங்கியின் நட்ட நடுவில் இருப்பதில்லை. சற்று ஒதுங்கியே இருக்கும். அதனால் எண்ணெய் இருக்கும் இடைவெளி ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் ஓர் ஆப்புப் போல் அமைகிறது. சுழலும் அச்சு தன்னோடு ஒட்டிய எண்ணெயைக் குறுகிய பக்கம் நோக்கி இழுத்துச் செல்கிறது. குறுகிய வழியில் நெருக்குண்ட எண்ணெயில் அழுத்தம் ஏறி, அது அச்சைத் தூக்கிப் பிடிக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை! அச்சு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது.

ஆகவே பம்பு எண்ணெயைக் கொண்டு சேர்க்கும் கருவி மட்டுமே. பளுவைத் தாங்கும் அழுத்தத்தை உண்டாக்குவது அச்சின் சுழற்சிதான். பம்பு இல்லாத நம் எஞ்சின் அறுபது ஆண்டு உழைத்ததன் இரகசியம் இதுவே.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, எண்ணெய் அங்கே வந்து சேர வேண்டும். இரண்டு, அதற்குத் தக்க பாகுநிலை இருக்க வேண்டும். பாகுநிலை என்பது திரவத்தின் ஒரு படலம் இன்னொரு படலத்தின் மீது நழுவும்போது காட்டும் எதிர்ப்பு. தண்ணீருக்குக் குறைவு, விளக்கெண்ணெய்க்கு அதிகம். பாகுநிலை மிகக் குறைந்தால் படலம் மெலிந்து உலோகங்கள் உரசும். மிகக் கூடினால் கரண்டி வாரி இறைக்கும் எண்ணெய் நுண்திவலைகளாகச் சிதறாது. மூலை முடுக்குகளுக்குப் போய்ச் சேராது. “கெட்டியான எண்ணெய் எப்போதும் பத்திரம்” என்றவரின் தவறு இப்போது புரிகிறதல்லவா?

டப்பாவில் உள்ள எண்

அமெரிக்க மோட்டார் பொறியியலாளர் சங்கம் 1911-ல் எண்ணெய்களைப் பாகுநிலைப்படி வகைப்படுத்தத் தொடங்கியது. அச்சங்கத்தின் பெயர்ச் சுருக்கமே எஸ்.ஏ.இ. பாகுநிலையை அளக்கும் அலகுகளுள் ஒன்று சென்டிஸ்டோக். 20° செல்சியசில் தண்ணீரின் மதிப்பு ஏறத்தாழ 1. எஸ்.ஏ.இ. 30 என்று பெயர் பெற வேண்டுமானால் 100° செல்சியசில் அந்த எண்ணெயின் மதிப்பு 9.3-க்குக் குறையாமலும் 12.5-க்கு எட்டாமலும் இருக்க வேண்டும்.

100° என்று ஏன் குறிப்பிட வேண்டும்? வெப்பம் ஏற ஏற எண்ணெய் வெகு வேகமாக இளகிவிடுகிறது. 100 டிகிரியில் 11 சென்டிஸ்டோக் உள்ள ஓர் எஸ்.ஏ.இ. 30 எண்ணெய், 40 டிகிரியில் சுமார் 100 காட்டும். 0 டிகிரியில் ஆயிரத்தையே தாண்டும். விஸ்கான்சின் குளிர்காலத்தில் இந்த எண்ணெய் கூழ் போல் ஆகிவிடும். பனி தள்ள வேண்டிய காலையில் எஞ்சினைச் சுழற்றவே முடியாது. சுழன்றாலும் முதல் சில நிமிடங்களுக்கு எண்ணெய் சரியாகத் தெறிக்காது.

இதற்காகப் பிறந்தவைதாம் 10டபிள்யூ-30 போன்ற இரட்டை எண் எண்ணெய்கள். ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. குளிரில் 10டபிள்யூ என்ற மெல்லிய வகை போலவும், 100 டிகிரியில் 30 என்ற வகை போலவும் அந்த எண்ணெய் நடந்துகொள்ளும்.

“அப்படியானால் சூடேறும்போது அது 10-லிருந்து 30 ஆகக் கெட்டிப்படுகிறதா?” என்று கேட்கலாம். இல்லை! எந்த எண்ணெயும் சூட்டில் இளகத்தான் செய்யும். இது மற்றதைவிடக் குறைவாக இளகுகிறது, அவ்வளவே. அடிப்படையாக ஒரு மெல்லிய எண்ணெயை எடுத்து, அதில் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளான பாலிமர்களைக் கலக்கிறார்கள். குளிரில் இவை நூல் உருண்டை போல் சுருண்டு கிடக்கும். சூட்டில் விரிந்து பரவி எண்ணெயின் ஓட்டத்தைத் தடுக்கும். எண்ணெய் இளகுவதில் ஒரு பகுதியை இவ்வாறு ஈடு செய்கின்றன.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் எஞ்சின் காற்றால் குளிர்வது, சூடு மிகுந்தது. மெல்லிய அடிப்படை எண்ணெய் சூட்டில் எளிதாக ஆவியாகும். நீண்ட பாலிமர்ச் சங்கிலிகளோ உலோகங்களுக்கிடையே நெருக்குண்டு நாளடைவில் அறுந்துபோகும். அறுந்தபின் எஞ்சுவது அந்த மெல்லிய எண்ணெய்தான். சிறு எஞ்சின்கள் செய்யும் பிரிக்ஸ் அண்டு ஸ்டிராட்டன் நிறுவனம், தட்ப வெப்பநிலை 4° செல்சியசுக்கு மேல் இருக்கும்போது இரட்டை எண் எண்ணெயை ஊற்றினால் எண்ணெய்ச் செலவு கூடும் என்று தன் கையேடுகளில் எச்சரித்தது. கோலர் நிறுவனமும் கே வரிசை எஞ்சின்களுக்கு, உறைநிலைக்கு மேற்பட்ட காலங்களில் ஒற்றை எண் எஸ்.ஏ.இ. 30 எண்ணெயையே கூறியது. குளிர்காலத்துக்கு மட்டும் ‘டபிள்யூ’ எழுத்துள்ள மெல்லிய எண்ணெய்.

எண் மட்டும் போதுமா?

சரி, எஸ்.ஏ.இ. 30 என்று போட்ட டப்பாவை எடுத்துவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். டப்பாவின் மறுபுறத்தையும் படிக்க வேண்டும். 30 என்பது பாகுநிலையை மட்டும் சொல்கிறது. எண்ணெயில் வேறு என்ன கலந்திருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொல்வது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரக்குறி. பெட்ரோல் எஞ்சின்களுக்கு ‘எஸ்’ என்ற எழுத்தில் தொடங்கும் இரண்டு எழுத்துகள் அதற்கு உண்டு.

அவற்றுள் முதலாவது எஸ்.ஏ. அதில் எந்தச் சேர்க்கைப் பொருளும் இல்லை, வெறும் எண்ணெய்தான். 1930-க்குப் பின் செய்யப்பட்ட பெரும்பாலான கார் எஞ்சின்களுக்கு அது ஏற்றதன்று என்று அக்கழகமே கூறுகிறது. ஆயினும் எஸ்.ஏ.இ. 30 என்ற எண்ணுடன் அது மலிவாகக் கடைகளில் கிடைக்கிறது. எண் ஒன்று, எண்ணெய் வேறு! பலர் ஏமாறும் இடம் இது.

சேர்க்கைப் பொருள்கள் ஏன் வேண்டும்? முதலாவதாக, தூய்மைக்கு. எண்ணெயில் கலக்கும் அழுக்கு நீக்கிகள் சோப்பைப் போல வேலை செய்கின்றன. கரித்துகள்களைச் சூழ்ந்துகொண்டு, அவை ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகாமல் மிதக்க விடுகின்றன. எண்ணெயை மாற்றும்போது அழுக்கும் அதனுடன் வெளியேறிவிடுகிறது. எண்ணெய் கறுத்துவிட்டதே என்று வருந்த வேண்டாம். அது தன் கடமையைச் செய்கிறது என்பதே அதன் பொருள். வடிகட்டி இல்லாத எஞ்சினில் அழுக்கை வெளியே சுமந்து செல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

இங்கே ஓர் எச்சரிக்கை. பல்லாண்டு வெற்று எண்ணெயில் ஓடிக் கசடு படிந்த எஞ்சினைப் பிரித்துக் கழுவாமல், திடீரென்று இந்த எண்ணெயை ஊற்றினால் பழைய கசடு பெயர்ந்து தாங்கிகளுக்குள் புகக்கூடும். நம் எஞ்சினையோ முழுதும் பிரித்துச் சுத்தம் செய்துவிட்டோம். நமக்கு அந்த அச்சம் இல்லை.

இரண்டாவதாக, தேய்மானத் தடுப்பு. பிஸ்டன் இரு கோடிகளிலும் ஒரு கணம் நிற்கும் என்றோமே, அந்தக் கணத்தில் அதன் வேகம் சுழி. இயக்கம் இல்லையேல் ரெனால்ட்ஸ் சொன்ன ஆப்பு இல்லை; ஆப்பு இல்லையேல் படலம் மெலிந்துவிடும். எஞ்சினைக் கிளப்பும் நேரத்திலும் இதே நிலைதான். அப்போது உலோகத்தைக் காப்பது துத்தநாகமும் பாஸ்பரசும் கந்தகமும் கொண்ட ஒரு சேர்மம். உராய்வின் வெப்பத்தில் அது சிதைந்து, உலோகப் பரப்பின் மேல் கண்ணாடி போன்ற மிக மெல்லிய காப்புப் படலமாகப் படிகிறது.

ஆனால் கார்களின் புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றிகளைப் பாஸ்பரஸ் கெடுத்துவிடும். எனவே கார்களில் மிகுதியாகப் பயன்படும் மெல்லிய எண்ணெய் வகைகளில் அதன் அளவுக்கு 1996-ல் 0.10 சதவீதம் என்றும், 2004-ல் 0.08 சதவீதம் என்றும் வரம்பு விதித்தார்கள். கார்களுக்கு அது நல்ல ஏற்பாடு, காற்றும் தூய்மையாகும். வினையூக்கி மாற்றி இல்லாத பழைய தோட்ட டிராக்டருக்கு அந்தக் கட்டுப்பாட்டால் நன்மை ஒன்றும் இல்லை. ஒற்றை எண் எஸ்.ஏ.இ. 30 எண்ணெய்க்கு அவ்வரம்பு பொருந்துவதும் இல்லை. நம் எஞ்சினின் வால்வுச் சுருள்வில்கள் மென்மையானவை; கார் எஞ்சினில் போல் அங்கே கடும் அழுத்தம் கிடையாது. ஆகவே இதற்காகப் பெருங்கவலை கொள்ள வேண்டியதில்லை.

ஊற்றியபின்

இப்போது நாம் எடுக்க வேண்டிய டப்பா எது என்பது தெளிவாகிவிட்டது. கோடைக்கு எஸ்.ஏ.இ. 30, அழுக்கு நீக்கி கலந்தது, எஸ்.ஏ. என்ற வெற்றுத் தரத்தைச் சேராதது. அலமாரியில் உள்ளவற்றுள் விலை மிகுந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை.

புதிய பிஸ்டன் வளையங்களும் கடைந்த சுவரும் ஒன்றோடொன்று உரசிப் பொருந்துவதற்குச் சிறிது காலம் வேண்டும். அப்போது நுண்ணிய இரும்புத் துகள்கள் எண்ணெயில் சேரும். வடிகட்டிதான் இல்லையே! அதனால் முதல் 5 மணி நேர ஓட்டத்துக்குப்பின் எண்ணெய் முழுவதையும் வடித்துவிட்டுப் புதியது ஊற்ற வேண்டும். பிறகு 25 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும். இருபத்தைந்து மணி என்றால் சொற்பம் என்று எண்ணாதீர்கள். கணக்கிட்டுப் பாருங்கள்: முழு வேகத்தில் 54 லட்சம் சுற்றுகள்!

எல்லாவற்றையும்விட முக்கியமானது எண்ணெயின் மட்டம். கரண்டியின் நீளம் மாறாதது. மட்டம் தாழ்ந்தால் கரண்டி காற்றைத்தான் துழாவும். செங்குத்தான சரிவில் வெகுநேரம் ஓட்டினாலும் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி இதே நிலைதான் ஏற்படும். படலம் அறும், அலுமினியம் எஃகைப் பற்றிக்கொள்ளும், இணைப்புத் தண்டு முறியும். முறிந்த துண்டு வார்ப்பிரும்பு உடலையே உடைத்துக்கொண்டு வெளியேறுவதும் உண்டு. அதன்பின் புதுப்பிக்க எதுவும் மிஞ்சாது. மட்டம் மிகுந்தாலும் தீங்குதான்: எண்ணெய் கடையப்பட்டு நுரைக்கும், எஞ்சின் புகையும். ஒவ்வொரு முறை கிளப்புமுன்னும் அளவுகோலை உருவிப் பார்க்க அரை நிமிடம் ஆகாது.

செய்து பாருங்கள்

ஓர் உயரமான சோதனைக் குழாயில் விளக்கெண்ணெயை நிரப்புங்கள். மேலிருந்து ஒரு சைக்கிள் பால்ரசுக் குண்டைப் போட்டு, அது அடியைத் தொட எத்தனை நொடி ஆகிறது என்று குறியுங்கள். பிறகு அக்குழாயைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் பத்து நிமிடம் நிறுத்தி வைத்து, இன்னொரு குண்டைப் போடுங்கள். எண்ணெயை நெருப்பில் நேராகக் காய்ச்ச வேண்டாம். இரண்டு நேரங்களையும் ஒப்பிட்டால் வெப்பம் பாகுநிலையை என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் காணலாம். நல்லெண்ணெயிலும் தேங்காயெண்ணெயிலும் இதையே செய்து பாருங்கள். திரவத்தில் விழும் குண்டின் வேகத்துக்கு விதி கண்ட ஸ்டோக்சின் பெயரைத்தான் சென்டிஸ்டோக் என்ற அலகு தாங்கியிருக்கிறது.

கொட்டகையில் கிடந்த ஒரு பழைய எஞ்சினைப் பற்றித்தான் பேசத் தொடங்கினோம். அதற்குள் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் வந்து சேர்ந்துவிட்டன. உங்கள் ஊர்ப் பட்டறையில் ஒரு பம்புசெட்டு எஞ்சினையோ பழைய ஸ்கூட்டரையோ பிரிப்பதைக் கண்டால் சற்று நின்று பாருங்கள். பம்பு இருக்கிறதா? வடிகட்டி இருக்கிறதா? காற்றால் குளிர்கிறதா, நீராலா? இம்மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டபின், அதற்கு எந்த எண்ணெய் ஏற்றது என்று நீங்களே யோசித்துச் சொல்லுங்கள். பிறகு மெக்கானிக் எந்த டப்பாவைத் திறக்கிறார் என்று பாருங்கள்.